எங்கள் தெருக் கால்வாயின் மறுமுனை

பிப்ரவரி 23, 2024, வெள்ளி: முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி

திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை. திறந்தால் பக்கிங்காம் கால்வாய். பறக்கும் ரயில் தூண்களின் நிழலில் கறுப்பாக, அசையாமல் கிடக்கும். மதியம் நாற்றம், மாலையில் கொசு. போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் கறுப்புத் தண்ணீர் படியேறி வந்து எங்கள் செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் சித்தப்பா கேட்டார்: "இந்தத் தண்ணி கடைசில எங்கடா போய் முடியுது?"

சித்தப்பா பொதுப்பணித் துறையில் 32 வருடம் வேலை பார்த்தவர். ஆனால் கணக்குப் பிரிவு. ஏரி, மதகு, கால்வாய் எல்லாவற்றையும் பில்லாக மட்டுமே பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது என்று ஏதோ ஒரு வரைபடத்தில் கண்டுபிடித்தார். "ஸ்கூட்டர்ல போயிட்டு வந்துரலாம்டா, நாலு நாள்." எனக்கு வயது 39, அவருக்கு 67. யாருடைய இடுப்பு முதலில் விடும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. (என்னுடையது. முதல் நாளே.)

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அக்கரை தாண்டும்வரை சொல்ல ஒன்றுமில்லை. சாலை அகலப்படுத்துகிறார்கள், புழுதி. முட்டுக்காடு பாலத்தில் சித்தப்பா தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரித் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வந்து, கால்வாய் தெற்கே ஓடி, இங்கேதான் முகத்துவாரத்தில் கடலோடு சேருகிறது. அதாவது எங்கள் செருப்பு ஸ்டாண்டு போன வழி. இப்போது மழை இல்லாததால் வாயில் பாதி மணல் மூடிக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பனையோலைக் குடலையைப் பல்லில் கடித்திருந்ததால் பேச முடியாது. நாங்கள் கையாட்டினால் அவர்கள் தலையாட்டினார்கள்.

"நாத்தமே இல்ல பாரு" என்றார் சித்தப்பா. உண்மைதான். வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, அதே தண்ணீர், இங்கே நீலமாக இருக்கிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றார். பாலத்தில் போன ஒவ்வொரு பஸ்ஸும் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது.

கோவளத்தில் ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1752இல் கிளைவ் பிடித்து இடித்துப்போட்டார். அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல். வெளியில் நின்று மதில் சுவரைப் பார்த்துவிட்டுக் குப்பத்துப் பக்கம் போனோம். அலையில் பலகை வைத்துச் சறுக்கிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் கரைக்கு வந்ததும் பலகையை மணலில் குத்தி நிறுத்திவிட்டு அம்மாவிடமிருந்து மீன் கூடையை வாங்கிக்கொண்டு நடந்தான். கரையோரம் ஒரு அம்மா கேட்ட மீனைப் பொரித்துத் தருகிறார். சங்கரா இரண்டு, 120 ரூபாய். மிளகாய்த்தூள் கொஞ்சம் தாராளம். சித்தப்பா கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

மதியம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. முதலைகள் முதலைகள்போல்தான் இருந்தன. எனக்குப் பிடித்தது அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். முதலைப் பண்ணை 1976இல் ஆரம்பித்தது, சங்கம் 1978இல். பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோன பிறகு இருளர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று வந்த யோசனை. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷம் மருந்துக்குப் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலு வகை. மண்பானை வாயில் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒருவர் கண்ணாடி விரியனை எடுத்த விதம், என் அம்மா முறத்திலிருந்து முருங்கைக்கீரை எடுப்பதுபோல, அவ்வளவு சாதாரணம். ரப்பர் கட்டிய சின்னக் கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கவைத்தார். மஞ்சளாக இரண்டு சொட்டு.

வெளியே வரும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "நாளைக்கு வந்திருந்தா எங்களைப் பாத்திருக்க மாட்டீங்க சார். மாசி மகம். எல்லாரும் மகாபலிபுரம் கடற்கரைக்குப் போயிடுவோம்."

நாளைக்கு மாசி மகம் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. பஞ்சாங்கம் பார்க்கிற சித்தப்பாவுக்குமா என்றேன். "ராகு காலம் மட்டும்தான்டா பாப்பேன்."

பட்டிப்புலத்தில் ஒரு சின்ன விடுதி, 900 ரூபாய். மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும்.

பிப்ரவரி 24, சனி: சாளுவன்குப்பம், மாமல்லபுரம்

புலிக்குகைக்கு எல்லோரும் போகிறார்கள். காலை எட்டு மணிக்கே இரண்டு கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. அதிலிருந்து கொஞ்சம் வடக்கே மணலுக்குள் இருக்கும் முருகன் கோயிலில் நாங்களும் ஒரு நாயும் மட்டும்.

2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது இங்கே ஒரு பாறையில் எழுத்துகள் தெரிந்தன. திருவிழ்ச்சில் என்ற ஊரில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாக அந்தக் கல்வெட்டு சொல்ல, தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலக் கருங்கல் கோயில். அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த வாசல். கல்லால் செய்த வேல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. கார்த்திகை விளக்கு எரிக்க யாரோ பத்துக் கழஞ்சுப் பொன் கொடுத்ததாகவும் ஒரு கல்வெட்டில் இருக்கிறது. ஒரு அலை இந்தக் கோயிலை மூடியிருக்கிறது, இன்னொரு அலை திறந்துவிட்டிருக்கிறது. இப்போது பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை; அடித்தளமும் செங்கல் வரிசைகளும்தான். குனிந்து பார்த்தேன். நம் வீட்டுச் செங்கலைவிட நீளம், அகலம் எல்லாமே பெரிது. ஒரு செங்கலின் மேல் கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சித்தப்பா கைக்குட்டையால் ஒரு படியைத் துடைத்துவிட்டு, துடைத்தபின் அதில் உட்காரலாமா கூடாதா என்று யோசித்து, உட்காராமலே நின்றார்.

பதினோரு மணிக்கு மாமல்லபுரம். இங்கேதான் சறுக்கல். மூன்று நாள் முன்பே போனில் 1,200 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த அறை இல்லை என்றார்கள். "நீங்க அட்வான்ஸ் அனுப்பலையே சார்." அட்வான்ஸ் கேட்கவே இல்லையே என்றேன். "கேக்கலைன்னா அனுப்பக் கூடாதா?" இதற்கு என்ன பதில் சொல்வது? அதே அறை இப்போது 3,000 ரூபாய். வெயில் வேறு. பிப்ரவரி மாத வெயில் என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம், கழுத்துப் பின்புறம் அப்பளமாகிவிட்டது.

ஐந்து ரதம் போகும் தெருவில் சிற்பம் செதுக்குகிறவர் ஒருவர் மோர் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். கதையைச் சொன்னதும், மாடியில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, 800 கொடுங்கள் என்றார். பாய் இரண்டு, தலையணை ஒன்று. கீழே பட்டறையில் நாள் முழுக்க மின்சார ரம்பம் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. உளிச் சத்தம் கேட்டுத் தூங்குவது பற்றி எனக்குக் கொஞ்சம் கற்பனை இருந்தது. "உளி கடைசியிலதான் சார். முகம், கண்ணு, விரல். அதுக்கு மெஷின் ஆகாது" என்றார். ஒரு பிள்ளையாரின் கண்ணை அவர் திறந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அரிசி அகலத்துக்குத்தான் உளி முனை. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே வாயால் தூசியை ஊதிவிடுகிறார். ஊதும்போது அவர் கண் மூடிக்கொள்கிறது, பிள்ளையார் கண் திறக்கிறது.

கடற்கரைக் கோயில், ரதங்கள் எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று. ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட் எடுத்துப் பார்த்தோம். அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே எனக்கு எப்போதும் அந்தப் பூனைதான். ஒற்றைக் காலில் கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, காலடியில் நம்பிக்கையோடு கும்பிடும் எலிகள். சித்தப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் இப்படித்தான் இருந்தாரு" என்றார்.

சாயந்திரம் கடற்கரைக்குப் போனோம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணல் தெரியவில்லை. நீலத் தார்ப்பாய், பழைய சேலை, சவுக்குக் கழி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கூடாரங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டிய புகை, மீன் குழம்பு வாசனை, குழந்தைகள் அழுகை. பௌர்ணமி நிலா கடலிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கிளம்பிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு நான் குறைந்தது பதினைந்து தடவை வந்திருக்கிறேன். இப்படி ஒன்று வருடா வருடம் இங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஒரு கூடாரத்து வாசலில் வயதான அம்மா ஒருவர் சித்தப்பாவைப் பார்த்து, "நிக்கிறியே, உக்காருப்பா" என்றார். உட்கார்ந்தோம். வரத்தண்ணி வந்தது, பாலில்லாத, வெல்லம் போட்ட தேநீர் அது. கன்னியம்மாதான் அவர்கள் தெய்வம். அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் வந்து கெஞ்சிக் கூத்தாடி அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

"வருவாளா?"

"வராம? பொறந்த வீட்டுக்கு வராம எங்க போவா?"

பிப்ரவரி 25, ஞாயிறு: மாமல்லபுரம் விடியல், சதுரங்கப்பட்டினம், பாலாறு

நாலரை மணிக்கு எழுந்து மறுபடி அங்கேயே போனோம். பனி. அலைக்குப் பக்கத்தில் ஈர மணலைக் குவித்து ஒவ்வொரு குடும்பமும் ஏழு படி கட்டிக்கொண்டிருந்தது. நேற்றைய அம்மா கையாலேயே படிகளின் விளிம்பைச் சீவினார். பேரன் ஒரு வேப்பங்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு படியிலும் வெற்றிலை, பூ, பொரி, மஞ்சள். கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. மூன்றாவது தீக்குச்சியில் சித்தப்பா தன் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தார், பற்றிக்கொண்டது. அதன் பிறகு எங்களை யாரும் வெளியாட்களாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளிச்சம் வருகிற நேரத்தில் கல்யாணங்கள். மேடையில்லை, பந்தலில்லை. மஞ்சள் கயிறு, இரண்டு மாலை, பக்கத்தில் அலை. பூசாரியின் மேல் கன்னியம்மா வந்து ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு மணப்பெண்ணின் பட்டுப் பாவாடையை அலை நனைத்துவிட்டுப் போக, அவள் சிரித்தாள். மாப்பிள்ளைதான் பயந்துபோய் மேலே ஏறி நின்றான். இன்னொரு பக்கம் குழந்தைக்குக் காதுகுத்து. அலை வந்து படிகளை ஒன்றொன்றாகக் கரைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "போதும், கெளம்பிட்டா" என்று எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

போட்டோ ஒன்றுகூட எடுக்கவில்லை. சுற்றிலும் பெரிய கேமராக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு அடுத்த ஊர். டச்சுக்காரர்கள் இங்கிருந்து மஸ்லின் துணி ஏற்றுமதி செய்தார்கள். கோட்டை வாசலில் இரண்டு பீரங்கி. உள்ளே கிடங்குகள், யானை மேல் ஏற ஒரு மேடை, புல்வெளி. கடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் இங்கே மோதிக்கொண்டன. கடலைப் பார்த்தால் அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியாது. இரண்டு ஃபைபர் படகு, ஒரு காக்கை.

கல்லறைகள் இருக்கும் பகுதி பூட்டியிருந்தது. காவலாளி சாப்பிடப் போயிருந்தார். வந்தார், பூட்டைத் திறந்தார், தானாகவே ஒரு சின்ன துடைப்பத்தை எடுத்துக் கல்லறைப் பலகைகளின் மேலிருந்த சருகுகளைத் தள்ளினார். கருங்கல்லில் டச்சு எழுத்துகள், குடும்பச் சின்னங்கள். எழுத்து குழிந்து இல்லை, புடைத்து நிற்கிறது. சுற்றியிருக்கும் கல்லை எல்லாம் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பிள்ளையாரின் கண்ணைப் பார்த்திருந்ததால் இது எவ்வளவு நாள் வேலை என்று கொஞ்சம் புரிந்தது. சித்தப்பா விரலால் தடவித் தடவி ஒரு வருடத்தைப் படித்துவிட்டு, "இவனுக்கு என் வயசுகூட இல்லடா" என்றார். காவலாளிக்கு ஐம்பது ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. வற்புறுத்தியதும், "டீ வேணா வாங்கிக் குடுங்க" என்றார். மூன்று டீ, 36 ரூபாய்.

கல்பாக்கம் தாண்டியதும் வாயலூரில் பாலாறு. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறு முழுக்க மணலும் நாணலும், நடுவே கொஞ்சம் தண்ணீர். கால்வாய் எங்கே என்று ஒரு டீக்கடையில் கேட்டோம். கடைக்காரர் மேற்கே கை காட்டினார். தென்னந்தோப்புக்குள் கால் கிலோமீட்டர் நடந்தால், அட, இருக்கிறது! இருபக்கமும் பனை, நடுவில் நேர்கோடாகத் தண்ணீர், நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு.

சித்தப்பா அப்போதுதான் மனம்விட்டுப் பேசினார். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டிய வாய்க்காலாகத்தான் இது ஆரம்பித்ததாம். பிறகு துண்டு துண்டாக நீட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877, 78 வாக்கில், சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயர் பக்கிங்காம் பிரபு. "பேரு கவர்னரோடது. வெட்டினவன் கஞ்சிக்கு வெட்டினான்" என்றார். ஆந்திராவில் ஆரம்பித்து மொத்தம் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் படகில் போன வழி. அவருடைய அப்பா, என் தாத்தா, மயிலாப்பூரில் சவுக்கு விறகுப் படகு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறாராம். எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் பஞ்சர். நான்கு வழிச் சாலை வேலைக்காகப் போட்டிருந்த மாற்றுப் பாதையில் இரண்டு அங்குல ஆணி. அருகே எச்சரிக்கைப் பலகை என்று பெயருக்குக்கூட எதுவும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளினேன்; சித்தப்பா பின்னால் ஹெல்மெட் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, தேங்காய் விற்கப் போகிறவர்போல. சாலையோரம் தர்பூசணி வயல். குவித்து வைத்திருந்தவரிடம் விலை கேட்டோம், கிலோ பத்து ரூபாய். பழத்தை வெட்டித் தந்துவிட்டு, தன் மோட்டார் சைக்கிளில் ஸ்கூட்டர் சக்கரத்தைக் கழற்றி எடுத்துப் போய், பஞ்சர் ஒட்டிக்கொண்டும் வந்தார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "பழம் வாங்கினீங்கல்ல?" என்றார். நாங்கள் வாங்கியது 40 ரூபாய்க்கு.

ராத்திரி செய்யூரில் சித்தப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் வீடு. ரசம், அப்பளம், மாங்காய் ஊறுகாய். ஒன்பதுக்கே தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்: ஆலம்பரை, மரக்காணம்

கடப்பாக்கத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, மீனவர் குப்பத்தைத் தாண்டினால் ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி காலத்தில், 1736 முதல் 1740க்குள் கட்டியது. 1750இல் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேவுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தார்கள். இருபது, இருபத்தைந்து வருடம்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் இங்கே ஒரு நாணயச் சாலையே இருந்திருக்கிறது.

உடைந்து கிடப்பதுதான் இதன் அழகு என்று எனக்குத் தோன்றியது. சீர் செய்த பகுதி நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஏதோ புது வீட்டு மதில்போல இருக்கிறது. உடைந்த பக்கத்தில் சுவரின் வயிறு தெரிகிறது. மெல்லிசான சின்னச் செங்கல், ஒரு விரல் தடிமன் சுண்ணாம்பு, மறுபடி செங்கல். ஒரு சுண்ணாம்புக் கோட்டில் முழுசாக ஒரு கிளிஞ்சல் மாட்டியிருந்தது. கிளிஞ்சலைச் சுண்ணாம்பாக நீற்றும்போது தப்பியது.

கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே கழிமுகம். படகில் அந்தப் பக்கத்து மணல்திட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். முதலில் கேட்டவர் 800 என்றார், சித்தப்பா திரும்பி நடந்ததும் 400. படகுக்காரர் வழியெல்லாம் பேசவே இல்லை. பேரம் பேசியதால் கோபம்போலும் என்று நினைத்தேன். நடுவில் இன்ஜினை நிறுத்திவிட்டு உதட்டில் விரல் வைத்தார். இருபது அடி தூரத்தில் கூழைக்கடா ஒன்று, பை நிறைய மீனோடு, விழுங்க முடியாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. விழுங்கி முடிக்கும்வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம். மணல்திட்டில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கியிருந்தது, ஓடு வெயிலில் வெளுத்து. வலையில மாட்டினது, என்றார் படகுக்காரர். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. மண்ணைத் தோண்டிப் புதைத்தார். நாய் இழுக்கும் என்பதற்காக நன்றாகவே ஆழமாகத் தோண்டினார்.

மதியம் மரக்காணம். சாப்பாடு 90 ரூபாய், மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு தனியாக 80. இந்த ஊர்தான் சங்க காலத்து எயிற்பட்டினம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் இந்த ஊருக்கு வந்தால் கள்ளும் சுட்ட குழல் மீனும் கிடைக்கும் என்று வருகிறது. குழல் மீன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். பரிமாறியவர், "அது ஐட்டத்துல இல்ல சார்" என்றார்.

உப்பளம் ஊரைத் தாண்டியதும் தொடங்குகிறது. வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பெரும்பாலும் வானத்தின் நிறம்தான். சதுரம் சதுரமாகக் கண்ணாடி பதித்ததுபோல. மழைக்காலம் முடிந்து இப்போதுதான் பாத்திகளை மிதித்துச் சரிசெய்து தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் மட்டும் உப்பு பூத்திருந்தது. ஒரு பெண் நீளக் கம்பில் பலகை மாட்டி வாரிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பார்த்தால் தண்ணீரின் மேல் முதலில் ஆடைபோல் மெல்லிசாக மிதக்கிறது, கனம் கூடியதும் அடியில் இறங்குகிறது. பலகை இழுக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம், பழைய ஓலைச் சுவடி புரட்டுவதுபோல. அவர் பாதத்தைப் பார்த்தேன். வெடிப்புகளில் வெள்ளைக் கோடுகள். செருப்பு போடக் கூடாதா என்றேன். போட்டால் வழுக்கும், பாத்தித் தரையும் பெயர்ந்துவிடும் என்றார். கூலி என்ன என்று சித்தப்பா கேட்க, சொன்னார். சித்தப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, பூநாரைகள். பக்கத்தில் போகலாம் என்று கரையோரம் நாலடி வைத்தேன், முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டேன். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. கால்வாய் என்னிடமிருந்து வாங்கிய இரண்டாவது செருப்புக் கணக்கு இது.

கால்வாய் முடியும் இடம்? பாலத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர், "இதோ, இந்தப் பாலத்தாண்டதான்" என்றார். அவருக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது யார் சொன்னா? கழியில கலந்து அப்படியே போவுது. முடியறதெல்லாம் இல்ல." இருவரும் எங்களை மறந்துவிட்டு வாதாட ஆரம்பித்தார்கள். கல் ஒன்று நட்டிருக்கும், 420 என்று எழுதியிருக்கும் என்றெல்லாம் சித்தப்பா நினைத்திருந்தார்போல. ஒன்றுமில்லை. கரைகள் தாழ்ந்துகொண்டே வந்து, நேர்கோடு கோணலாகி, எது கால்வாய் எது கழி என்று தெரியாமல் ஒரே தண்ணீராகிவிட்டது.

அவர் மெல்ல இறங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி நாக்கில் வைத்தார். நான் தடுப்பதற்குள்.

"உப்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல உப்பு."

பிப்ரவரி 27, செவ்வாய்: வீடு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். உப்பளத்து அம்மா பழைய பிளாஸ்டிக் பையில் ரெண்டு கை உப்பு கட்டிக் கொடுத்திருந்தார். ஸ்கூட்டர் டிக்கியில் அது ஒழுகி, ஆர்.சி. புத்தகம், மழைக் கோட்டு எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மிச்சத்தை என் அம்மா ஒரு ஜாடியில் போட்டு, கட்டியொன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மாங்காய்க்கு ஆகும். சீசன் வரட்டும்" என்று மூடி வைத்துவிட்டாள்.

சித்தப்பா பின்பக்க ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு நிமிஷம்தான். கொசு வந்ததும் மூடிவிட்டார்.